மத்தியானத்தில் மிதக்கும் பாசி

நட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆன வயலுக்குக் காலை ஆறு மணிக்குப் போய் வரப்பில் உட்கார்ந்து பாருங்கள். நாற்றுக்கு நடுவே தண்ணீர் தெளிந்து கிடக்கும். அடியில், சேற்றின் மேல், கரும்பச்சையாக ஒரு மெல்லிய தோல் படிந்திருக்கும். அதே இடத்துக்கு மதியம் இரண்டு மணிக்குப் போனால், அந்தத் தோல் திட்டுத்திட்டாகப் பெயர்ந்து மேலே மிதந்துகொண்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் மறுபடி அடங்கிவிடும். மறுநாளும் இதே கதைதான்.

திருவையாற்றுப் பக்கம் மடையைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காரணம் கேட்டேன். "வெயில் ஏறுனா மேல வரும், எறங்குனா கீழ போவும். அது பாசியோட கொணம், தம்பி" என்றார். பாதி விடை அதிலேயே இருந்தது. மீதி விடை பாசியின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஒரு துண்டைக் கிழியாமல் உள்ளங்கையில் அள்ளித் திருப்பிப் பார்த்தால் தெரியும். கல்லில் ஊற்றிய தோசைமாவு கண் திறப்பதுபோல, ஊசிமுனை அளவில் எண்ணற்ற குமிழிகள்.

அவற்றில் இருப்பது ஆக்சிஜன். வெயில் பட்டதும் பாசி ஒளிச்சேர்க்கையைத் தொடங்குகிறது. தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை எடுத்து உடம்பாக்கிக்கொள்கிறது, ஆக்சிஜனை வெளியே தள்ளுகிறது. கரையும் அளவையும் மீறி ஆக்சிஜன் சேரும்போது அது குமிழியாகி, நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் கட்டிய சுரைக்குடுக்கைபோலப் பாசியைத் தூக்கிவிடுகிறது. இரவில் தயாரிப்பு நின்றுவிடும், மூச்சுவிடும் செலவு மட்டும் நிற்காது. குமிழி கரையும், பாசி அமிழும்.

வெளிச்சம் உள்ளே வரவேண்டும், கரியமில வாயு வரவேண்டும், ஆக்சிஜன் வெளியேற வேண்டும், பாசி பெருகவேண்டும். இவ்வளவையும் கண்ணாடிக் குழாய், பம்பு, விளக்கு என்று வைத்துப் பொறியாளர்கள் செய்யும் சாதனத்துக்கு ஒளி உயிர்வினைக்கலன் என்று பெயர். நாம் சுருக்கமாகப் பாசிக்கலன் என்போம். காவிரிப் படுகையின் ஒவ்வொரு நெல்வயலும் விரற்கடை ஆழத்தில் விரித்து வைத்த பாசிக்கலன்தான். அதன் வேலையைப் புரிந்துகொள்ள நல்ல வழி, சில நூறு ரூபாய் செலவில் வீட்டில் ஒன்றைச் செய்து பார்ப்பது.

பாட்டிலா, கேனா?

முதல் பாடம் மொட்டைமாடியிலேயே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிகளில் ஏன் இத்தனை கறுப்பு? உள்ளே வெளிச்சம் புகக்கூடாது என்பது முக்கியமான காரணம். இதை நம்பச் சொல்லவில்லை, சோதித்துப் பாருங்கள். வயலிலிருந்து ஒரே தண்ணீரை இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் பிடியுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளால் சுற்றுங்கள். இரண்டையும் ஜன்னலோரம் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒன்று பச்சையாகும், மற்றது ஆகாது. தண்ணீர் ஒன்று, காற்று ஒன்று, சூடும் ஏறக்குறைய ஒன்று. மாறியது வெளிச்சம் மட்டும் என்பதால் பச்சைக்குக் காரணமும் அதுவே. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைப்பது என்ற இந்தச் சின்னத் தந்திரம் கட்டுரை நெடுகிலும் நமக்கு உதவும்.

பச்சைத் தண்ணீர் கிடைத்ததும் ஆசை வரும். சின்ன பாட்டில் எதற்கு, 20 லிட்டர் குடிநீர் கேனிலேயே வளர்த்தால் என்ன? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கேனில் தண்ணீர் இருபது மடங்கு, ஆனால் பாசி இருபது மடங்கு வராது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் இலை போட இடம் நூறு பேருக்குத்தான். வாசலில் ஆயிரம் பேர் நின்றாலும் ஒரு வேளையில் சாப்பிடுவது நூறு பேர். பாசிக்கும் வெளிச்சம்தான் இலை. கேனின் ஓரத்தில் இருக்கும் பாசி வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது, உள்ளே இருப்பது இருட்டில் பட்டினி கிடக்கிறது. தண்ணீர் நன்றாகப் பச்சை கட்டிவிட்டால் சில சென்டிமீட்டருக்குள்ளேயே வெளிச்சம் தீர்ந்துவிடும். இதைத் தன்னிழல் என்று சொல்லலாம். கேனின் விட்டம் சுமார் 27 சென்டிமீட்டர், ஒரு லிட்டர் பாட்டிலின் விட்டம் சுமார் 8. ஒவ்வொரு லிட்டருக்கும் வெளிச்சம் படும் பரப்பு பாட்டிலில் கேனைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆக, ஒரு கேனைவிட இருபது பாட்டில் மேல். கடல்போல ஆழமான தொட்டியைவிட வயல்போல மெல்லிய தண்ணீர் மேல்.

முதல் வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கும் நிம்மதி கிடையாது. தஞ்சாவூர் உச்சி வெயிலில் பாதியைக்கூடப் பெரும்பாலான பாசியால் பயன்படுத்த முடியாது. மிஞ்சியது செல்லின் ஒளிச்சேர்க்கை உறுப்புகளையே சேதப்படுத்தும். முன்வரிசைக்கு அஜீரணம், பின்வரிசைக்குப் பசி. தீர்வு பந்தியில் செய்வதுதான், ஆளை எழுப்பி அடுத்தவரை உட்கார வைப்பது. கலனில் அதற்குப் பெயர் கலக்குதல். மீன்தொட்டிக்கு வைக்கும் சிறிய காற்றுப் பம்பு அதைச் செய்துவிடும். பம்பு இல்லையென்றால் நாளைக்கு நாலைந்து முறை பாட்டிலைக் குலுக்கினாலும் போதும். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் ஸ்பைருலினா என்ற உண்ணும் பாசியை வளர்க்கும் பெரிய குளங்களிலும் துடுப்புச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

காற்றிலே கஞ்சம்

பம்பு வைத்தால் பாசிக்குக் கரியமில வாயு தாராளமாகக் கிடைத்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு மாதிரி இருக்கிறது. காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நாலு பங்குதான். உலர்ந்த பாசியில் ஏறக்குறைய பாதி எடை கார்பன். ஒரு கிராம் பாசி உருவாகச் சுமார் 1.8 கிராம் கரியமில வாயு வேண்டும். அது ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்றில் இருப்பது. நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் ஊதும் பம்பு அவ்வளவு காற்றை ஊதிமுடிக்கப் பதினாறு மணி நேரம் ஆகும். ஊதிய காற்றில் இருப்பதெல்லாம் தண்ணீரில் கரைந்துவிடுவதும் இல்லை, பெரும்பகுதி குமிழியோடு மேலே போய்விடும்.

அதனால்தான் ஸ்பைருலினா வளர்ப்பவர்கள் தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைக்கிறார்கள். சோடா உப்பு கார்பனைக் கட்டி வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கு. பாசி வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். எடுக்க எடுக்கத் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். வேறு பல உயிர்கள் தாங்காத அந்தக் காரத்தில் ஸ்பைருலினா செழிக்கும் என்பதால் களைத்தொல்லையும் குறைவு.

காரம் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். வெள்ளைத் தாளில் மஞ்சள்பொடிக் கரைசலைத் தடவிக் காயவைத்து, சோடாத் தண்ணீரில் நன்றாக வளர்ந்த ஸ்பைருலினாவை ஒரு சொட்டு விட்டால் தாள் சிவக்கும். வயல் தண்ணீரில் உப்பு குறைவு, மஞ்சள் அவ்வளவு தெளிவாகக் காட்டாது. கடையில் விற்கும் காரஅமிலத் தாள் காட்டும். பாசி மண்டிய வயலில் விடியலில் 7-ஐ ஒட்டி நிற்கும் காரஅமில (pH) அளவு, மதியத்தில் 9-ஐத் தாண்டுவது உண்டு. மேலே மிதந்த பாசி பகல் முழுக்கக் கரியமில வாயுவை உறிஞ்சியதன் தடயம் அது.

இது வெறும் வேடிக்கை இல்லை. தண்ணீரில் காரம் ஏறினால், அதில் கரைந்த யூரியாவின் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், ஒரு பங்கு அமோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் படும்படி யூரியா போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதம்பத்தில் ஒரு வேற்றுப் பூ

வயல் பாசியில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பட்டுநூல்போல இளம்பச்சையாக இழுபட்டு, நாற்றைச் சுற்றி அமுக்குவது ஒரு கூட்டம். இதற்காகத்தான் மடைவாயில் மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டிப் போடுகிறார்கள், வயலைக் காயவிடுகிறார்கள். விவசாயியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இன்னொன்று, நீலம் ஓடிய கரும்பச்சையில் வழவழவென்று படிவது, நீலப்பச்சைப் பாசி. பெயரில்தான் பாசி, உண்மையில் இவை பாக்டீரியா இனம். ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1959-ல் வெளியிட்ட நூல் இந்த இனங்களைப் பிரித்தறிய இன்றும் கையேடாகப் பயன்படுகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிக்கென்றே 1991 முதல் ஒரு தேசிய மையம் இயங்குகிறது.

இவற்றில் அனபீனா என்ற வகையை உருப்பெருக்கியில் பார்த்தால் தஞ்சாவூர்க் கதம்பம் ஞாபகத்துக்கு வரும். ஒரே மாதிரி மணிகள் வரிசையாகக் கோத்திருக்க, இடையிடையே சற்றுப் பெரிதாக, வெளிறி, தடித்த சுவரோடு ஒரு மணி. இந்த வேற்றுச்செல்லில்தான் சூட்சுமம்.

ஒரு ஏக்கர் வயலுக்கு மேலே நிற்கும் காற்றில் நைட்ரஜன் மட்டும் 30,000 டன்னுக்கு மேல். ஆனால் அதில் ஒரு கிராமைக்கூட நெற்பயிரால் நேரே எடுக்க முடியாது. இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருக்கும் நைட்ரஜன் அணுக்களைப் பிரிக்க உரத்தொழிற்சாலைகள் 400 டிகிரிக்கு மேல் சூடும் கடும் அழுத்தமும் கொடுக்கின்றன. மணலியிலும் தூத்துக்குடியிலும் யூரியா இப்படித்தான் பிறக்கிறது. அதே வேலையை அனபீனா வயல் தண்ணீரின் சூட்டிலேயே முடிக்கிறது. அதற்கு நைட்ரஜனேஸ் என்ற நொதி உண்டு. நொதிக்கு ஒரு பலவீனம், ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். ஆக்சிஜனைக் கக்கும் உயிருக்குள் ஆக்சிஜன் ஆகாத நொதி! ஈரக்கை படக்கூடாத ஊறுகாயை ஜாடியில் வேடு கட்டித் தனியே வைப்பதுபோல, பாசி அந்த வேலையை வேற்றுச்செல்லுக்குள் ஒதுக்கிவிட்டது. அந்தச் செல் ஆக்சிஜன் தயாரிப்பதில்லை, தடித்த சுவரால் வெளியிலிருந்து வருவதையும் தடுக்கிறது. பக்கத்துச் செல்கள் அதற்குச் சர்க்கரை தருகின்றன, அது அவற்றுக்குத் தழைச்சத்து தருகிறது.

இதெல்லாம் எப்படித் தெரியும்? எருவே அதிகம் காணாத வயல்கள் தலைமுறை தலைமுறையாக ஓரளவு விளைந்துகொண்டிருந்தது எப்படி என்பது பழைய புதிர். பி. கே. டே என்ற வங்காள விஞ்ஞானி நெல்வயல் மண்ணிலிருந்து அனபீனாவைப் பிரித்தெடுத்து வளர்த்து, நெல்வயலில் நைட்ரஜனைக் கட்டுவதில் நீலப்பச்சைப் பாசிக்கே பெரும்பங்கு என்று 1939-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். 1940-களில் எடை கூடிய நைட்ரஜன் கைக்கு வந்தது. வேதியியல் குணம் ஒன்றுதான், அணுவின் எடை மட்டும் ஓர் அலகு அதிகம். சலவைக்குப் போடும் துணியில் குறி போடுவதுபோல, அந்த நைட்ரஜனைக் காற்றில் கலந்து கொடுத்துவிட்டுப் பாசியின் உடம்பில் தேடினால், அது காற்றிலிருந்துதான் வந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். நொதி இருப்பது வேற்றுச்செல்லில்தானா என்ற கேள்வியை 1968-ல் பிரிட்டனில் நான்கு ஆய்வாளர்கள் எழுப்பினார்கள், பின்னால் வந்த சோதனைகள் ஆமாம் என்றன.

இன்னொரு குணம். தண்ணீரில் யூரியா நிறைய இருந்தால் இந்தப் பாசி வேற்றுச்செல்லையே குறைத்துக்கொள்ளும். சாப்பாடு வீடு தேடி வரும்போது அடுப்பு மூட்ட யாருக்கு மனம் வரும்?

தொட்டி கட்டுவோம்

இப்போது வீட்டுக்கலனுக்குத் திரும்புவோம். ஓர் எச்சரிக்கை முதலில். மூடிய பாட்டில்களைச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால், ஜன்னல் மூடி நிற்கும் பேருந்துபோல உள்ளே வெந்துவிடும். 40 டிகிரியைத் தாண்டினால் பல பாசிகள் பிழைக்காது. குளிர்நாட்டில் கண்ணாடிக்குழாய் கலன் சூட்டைத் தக்கவைக்க உதவும். நம் ஊரில் சூட்டை விரட்டுவதே பாடு. திறந்த தண்ணீர் ஆவியாகும்போது தானே குளிரும், மண்பானையைப்போல. ஆகவே பாட்டில் படிப்பதற்கு, விளைச்சலுக்குத் திறந்த தொட்டி. கிராமங்களுக்கான ஸ்பைருலினா வளர்ப்பில் மண்பானையையே கழுத்தளவு மண்ணில் புதைத்துக் கலனாக்கிய முறையும் உண்டு. சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி. வி. சேஷாத்ரி இப்படி எளிய பாசிவளர்ப்பைக் கிராமத்துக்குக் கொண்டுபோகப் பாடுபட்டவர்.

வயலுக்கான நீலப்பச்சைப் பாசிக்கு இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு சாண் உயரத்தில் செங்கல் அடுக்கி, சில்பாலின் ஷீட் விரித்தால் போதும். நாலைந்து கிலோ ஆற்று வண்டல், சுமார் 100 கிராம் சூப்பர் பாஸ்பேட், இரண்டு கிராம் சோடியம் மாலிப்டேட். ஏன் இவை? தழைச்சத்தைப் பாசி தானே செய்துகொள்ளும், மணிச்சத்தைச் செய்துகொள்ள முடியாது. மாலிப்டினம் நைட்ரஜனேஸ் நொதியின் உறுப்பு. யூரியா ஒரு சிட்டிகைகூட வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். அரை சாண் தண்ணீர் விட்டு, மண் தெளிந்ததும் காலையில் தாய்வித்தைத் தூவவேண்டும். அது வேளாண் பல்கலைக்கழக மையங்களில் கிடைக்கும்.

மூன்றாம் நாள் ஒன்றும் தெரியாது. ஐந்தாம் நாள் வாக்கில் ஓரங்களில் நீலம் பூக்கும். வெயில் நன்றாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் தொட்டி முழுக்கத் தோல் கட்டும். இடையில் இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். பாசியைத் தின்னும் நத்தையும் நீர்ப்பூச்சிகளும் ஒன்று, கொசு இன்னொன்று. தெளிந்த, தேங்கிய தண்ணீர் டெங்குக் கொசுவுக்கும் பிடித்த இடம். தொட்டியின் மேல் கொசுவலையை இழுத்துக் கட்டாமல் இந்த வேலையில் இறங்கவேகூடாது.

தோல் தடித்ததும் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். தண்ணீர் வற்றி, வெயிலில் காய்ந்து, மாடியில் பிழிந்த கூழ்வற்றல்போல ஓரம் சுருண்டு, துண்டுதுண்டாகப் பெயர்ந்து வரும். மேல்பக்கம் கரும்பச்சை, அடியில் ஒட்டிய வண்டல். கையில் நொறுங்கும் இந்தச் செதில் செத்ததுபோலத் தெரியும். ஆனால் பல இனங்கள் காய்ச்சலைத் தாங்கும் உறங்குசெல்களாக அதில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் எழும். கோடை முழுக்க வெடித்துக் கிடந்த வயலில், தண்ணீர் பாய்ந்த சில நாளில் பாசி எங்கிருந்தோ வருவதும் இப்படித்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இந்தப் பாசியை வாயில் வைக்கக்கூடாது. நீலப்பச்சைப் பாசிகளில் ஈரலைத் தாக்கும் நஞ்சு தயாரிக்கும் இனங்கள் உண்டு, வீட்டில் பிரித்தறிய முடியாது. உண்ணும் ஸ்பைருலினா வேறு இனம், அதன் சுத்தம் வேறு தரம்.

மூட்டைக் கணக்கு

ஒரு தொட்டியில் ஒரு தடவைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ செதில் கிடைக்கும். ஏக்கருக்கு நாலு கிலோ போடச் சொல்கிறார்கள், நட்டுப் பத்தாம் நாள். நாலு கிலோ செதிலில் இருக்கும் சத்து ஒன்றுமில்லை, பெரும்பாலும் மண். அது வயலில் பெருகவேண்டும். நன்றாகப் பெருகினால் ஒரு போகத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து என்பது பொதுவான கணக்கு. ஏக்கருக்குப் பார்த்தால் 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய பாதி. யூரியாவை ஒழித்துக்கட்டும் என்பது பொய், ஒன்றுமில்லை என்பதும் பொய். அரை மூட்டை, அதுவும் பெருகினால்.

அந்த "பெருகினால்" என்பதில்தான் ஆராய்ச்சியாளர்கள் தடுக்கினார்கள். பிரான்சின் பியர் ரோஜரும் இலங்கையின் எஸ். ஏ. குலசூரியவும் 1980-ல், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காக, நெல்லும் நீலப்பச்சைப் பாசியும் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அதையும் அதற்குப் பின் வந்த ஆய்வுகளையும் படித்தால் ஒன்று தெளிவாகிறது. வயலில் ஏற்கெனவே அதன் சொந்தப் பாசி இருக்கிறது. வெளியிலிருந்து போடுவது பல நேரம் அதனோடு போட்டியிட முடியாமல் காணாமல் போகிறது. விதை இல்லாமல் வயல் தவிப்பது அரிது. மணிச்சத்துக் குறை, தின்னும் பூச்சி, கூடுதல் யூரியா, பயிர் அடர்ந்து விழும் நிழல், இவைதான் தடை.

இந்தத் தடைகளை எல்லாம் நாம் பாட்டிலிலும் தொட்டியிலும் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். வீட்டுக்கலனின் லாபம் நாலு கிலோ செதிலில் இல்லை, வயலைப் பார்க்கும் கண்ணில் இருக்கிறது. ஒரு தொட்டியில் சூப்பர் பாஸ்பேட் போட்டும் இன்னொன்றில் போடாமலும், ஒன்றில் நத்தையைப் பொறுக்கியும் இன்னொன்றில் பொறுக்காமலும் வைத்துப் பார்த்தால், உங்கள் வயல் மண்ணில் பாசியைத் தடுப்பது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதை வேறு எந்த ஊர் ஆய்வறிக்கையும் சொல்லாது.

அடுத்த நடவு முடிந்து பத்தாம் நாள், ஒரு வெள்ளைக் கிண்ணமும் காரஅமிலத் தாளும் எடுத்துக்கொண்டு விடியலில் ஒரு தடவை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு தடவை அதே வரப்புக்குப் போங்கள். இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் மாறவே இல்லையென்றால் உங்கள் வயலில் பாசி பெரிதாக எதையும் செய்யவில்லை. மாறியிருந்தால், மிதக்கும் துண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, யூரியா மூட்டையைப் பிரிப்பதற்கு முன் தண்ணீரை வடித்துவிடுங்கள்.